உம்மாவின் சோர்வும் பிள்ளையின் சோர்வும்

பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நாள்கணக்கில் கிடந்தால், நம்மவர் வீடுகளில் மூன்று விளக்கங்கள் தயாராக இருக்கும். "போனப் பாத்துப் பாத்துக் கெட்டுப் போயிட்டான்" என்பார் வாப்பா. "ஆரோ கண்ணு வெச்சிட்டாங்க" என்பார் உம்மம்மா. "ஈமான் குறைஞ்சி போச்சி, ஒழுங்காத் தொழுதாச் சரியாயிடும்" என்று பக்கத்து வீட்டார் முடித்து வைப்பார். இது ஒரு நோயாக இருக்குமோ என்ற நான்காவது கேள்வி ஓ.எல். பெறுபேறு கைவிட்ட பிறகுதான் வரும். சில வேளை அதைவிடவும் பிந்தி வரும்.

தொழுகை ஆறுதல் தராது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் துயரத்தை ஈமானின் அளவுகோலாக்குவது நமது மார்க்க மரபிலேயே இல்லாத ஒன்று. மகன் யூஸுபைப் பிரிந்த கவலையில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவருடைய ஈமானில் யார் குறை காண்பார்? கி.பி. 850 அளவில் பல்க் பகுதியில் பிறந்து 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்ற நூலில் கவலையை இரண்டாகப் பிரித்தார். ஒன்று, இழப்புப் போன்ற தெரிந்த காரணத்தால் வருவது. மற்றது, காரணம் தெரியாமல் வந்து நெஞ்சை அழுத்துவது. இதன் வேர் உடலில் இருப்பதால் உடலுக்கும் வைத்தியம் வேண்டும் என்றார் அவர். உயிரணுவும் மூளை இரசாயனமும் அறியப்படாத காலத்தில் எழுதியவர், குருதியின் கோளாறு என்று அதை விளக்கினார். அந்த விளக்கம் இன்று நிற்காது. பிரித்துப் பார்த்த பார்வை நிற்கிறது. உள்ளம் பற்றிய அவரது பகுதியைச் சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரி 2013இல் ஆங்கிலத்தில் தந்திருக்கிறார்.

கட்டிளமைப் பருவத்தில் இந்த நோயை இனங்காண்பதில் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர்களில் அது கவலை முகத்தோடு வரும். பிள்ளைகளில் எரிச்சலாகவும் வரலாம். அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூல், இந்த வயதினரில் கவலைக்குப் பதிலாக எரிச்சலையே பிரதான குறியாகக் கொள்ள இடமளிக்கிறது. "வாய் காட்டுறான்" என்று நாம் அடிக்கக் கை ஓங்கும் பையன், இரண்டு கிழமைக்கு மேலாகச் சரியாகத் தூங்காமல், கிரிக்கெட்டையும் விட்டுவிட்டு, 'நான் ஒண்டுக்கும் உதவமாட்டேன்' என்ற நினைப்போடு இருக்கிறானா என்று பார்க்க வேண்டும்.

சிகிச்சை உண்டா? உண்டு. 2004இல் வெளியான 'டாட்ஸ்' என்ற அமெரிக்க ஆய்வு, 12 முதல் 17 வயது வரையான 439 பேரை நான்கு குழுக்களாக்கியது. 12 கிழமைகளின் பின், புளுஒக்சற்றின் குளிசையோடு அறிகை நடத்தைச் சிகிச்சையும் பெற்றோரில் 71 வீதமானோர் தேறினர். குளிசை மட்டும் எடுத்தோரில் இது 61 வீதம், பேச்சுச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் 43 வீதம், மருந்தில்லாத போலிக் குளிசை எடுத்தோரில் 35 வீதம். 36 கிழமை ஆனபோது குளிசைக் குழுவும் பேச்சுச் சிகிச்சைக் குழுவும் 81 வீதத்தில் ஒன்றாக நின்றன. இரண்டையும் சேர்த்துப் பெற்றோர் 86 வீதம். பேச்சு மெதுவாக வேலை செய்கிறது, ஆனாலும் செய்கிறது. இரண்டு தரம் கிளினிக் போய்விட்டு "ஒண்டும் சரிவரல்ல" என்று கைவிடுவோர் அந்த 36 கிழமையை நினைவில் வைக்கலாம்.

குளிசை 'அடிமையாக்கும்' என்ற பயம் நம்மிடையே பெரிது. பயப்பட வேண்டிய இடம் அதுவல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 24 பரீட்சார்த்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இவ்வகை மருந்து எடுத்த இளையோரில் 4 வீதமானோரிடமும் போலிக் குளிசை எடுத்தோரில் 2 வீதமானோரிடமும் தற்கொலை எண்ணமோ செயலோ தோன்றியிருந்தது. மரணம் எதுவும் நிகழவில்லை. என்றாலும் 2004 ஒக்டோபரில் மருந்து விவரக் குறிப்புகளில் கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கை கட்டாயமாக்கப்பட்டது. ஆகவே முதல் சில கிழமைகள் பிள்ளையைக் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். வைத்தியரைக் கேட்காமல் திடீரென நிறுத்தவும் கூடாது.

வந்த பிறகு பார்ப்பது ஒரு பக்கம். வருமுன் காப்பது பற்றிய ஆய்வுகள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வகுப்பறையில் ஒரு பாடத்தை நடத்திவிட்டால் போதும் என்பது கவர்ச்சியான யோசனை. நம் பக்கத்தில் அது ஒரு பெனர், ஒரு கருத்தரங்கு, கடைசியில் ஒரு குழுப்படம் என்று முடியும். இங்கிலாந்தில் அதை ஒழுங்காகவே செய்து பார்த்தார்கள். 85 பாடசாலைகள், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், பயிற்றப்பட்ட ஆசிரியர்கள் என்று நடந்த 'மிரியட்' ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. மனதை ஒருமுகப்படுத்தும் அந்தப் பாடம், பாடசாலைகளில் வழக்கமாக நடக்கும் பாடங்களைவிட எந்த மேலதிகப் பயனையும் தரவில்லை.

ஆபத்துக் கூடிய பிள்ளைகளைத் தெரிந்தெடுத்தால் கதை மாறுகிறது. ஜூடி கார்பரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 13 முதல் 17 வயது வரையான 316 பேர் இருந்தனர். எல்லோருக்கும் தாய்க்கோ தகப்பனுக்கோ மனச்சோர்வு இருந்தது, அல்லது முன்பு வந்திருந்தது. ஒரு பகுதியினருக்குக் கிழமைக்கு ஒன்றாக எட்டு அமர்வுகளும் பிறகு மாதத்துக்கு ஒன்றாக ஆறும் நடந்தன. கறுப்பு எண்ணங்களைக் கேள்வி கேட்கப் பழகுவதே அதன் சாரம். ஆரோக்கியமாக இருக்கும்போதே மருந்தைச் சேமித்து வைப்பதுபோல நல்ல எண்ணங்களையும் சேமித்து வை என்று அல்-பல்கீ சொன்னதும் இதைத்தான். பயிற்சி பெற்றோரில் 21 வீதமானோருக்கும் பெறாதோரில் 33 வீதமானோருக்கும் நோய் வந்தது.

ஆனால் அந்த எண்களுக்குள்ளே இன்னொரு கணக்கு உண்டு. ஆய்வு தொடங்கிய நேரத்தில் பெற்றோர் சோர்வில்லாமல் இருந்த வீடுகளில், பயிற்சி பெற்ற பிள்ளைகளில் 12 வீதமானோருக்கே நோய் வந்தது. பெறாதோரில் 40 வீதம். பெற்றோர் அப்போதும் சோர்வில் கிடந்த வீடுகளில் பயிற்சி எந்த வித்தியாசத்தையும் தரவில்லை. பிள்ளை அமர்வில் கற்றதை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டியிருந்தது என்றே இதை நான் வாசிக்கிறேன்.

மறுபக்கத்தில் மர்னா வைஸ்மனின் 2006ஆம் ஆண்டு ஆய்வு. மனச்சோர்வுக்கு மருந்தெடுத்த 151 தாய்மாரின் பிள்ளைகளை அவர் குழு கவனித்தது. பிள்ளைகளுக்கு அந்த ஆய்வு வைத்தியம் எதுவும் செய்யவில்லை. மூன்று மாதத்தில் தாய் முழுதாகத் தேறிய வீடுகளில் பிள்ளைகளின் உளநோய்கள் 11 வீதம் குறைந்தன. தாய் தேறாத வீடுகளில் 8 வீதம் கூடின.

இதை உம்மாமார் மீது இன்னொரு பழியாக வாசிக்கக் கூடாது. புருஷன் கட்டாரிலும் கடன் தலையிலும் இருக்க, தூக்கமில்லாமல் வீட்டை ஓட்டுகிற பெண்ணிடம் "நீங்க எப்பிடி இருக்கீங்க?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் "எனக்கென்ன, புள்ளையப் பாருங்க" என்பார். கிளினிக்கில் மகனுக்குப் பத்து நிமிடம் என்றால், கூட வந்த உம்மாவின் அல்லது வாப்பாவின் தூக்கத்தையும் பசியையும் விசாரிக்க இரண்டு நிமிடம் ஒதுக்குவது அந்த மகனுக்கான வைத்தியத்தின் ஒரு பகுதியேதான். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் இதற்குக் காசு இல்லை. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு உம்மா தன் பிள்ளைக்காக எடுக்கலாம், தனக்காகவும் எடுக்கலாம்.