கண்ணைக் கவரும் திரை. கவனம் சிதறும் சாலை

தில்லியில் வெயில் 45 டிகிரியைத் தொடும் நாள்களில், காரில் குளிர்சாதனம் ஆடம்பரம் அன்று, அவசியம். ஆனால், புதிய மின்சார கார்கள் பலவற்றில் அதற்கான பொத்தான்கள் மறைந்து, தொடுதிரையே எல்லாமாகி வருகிறது.

மோட்டாருக்கும் குளிர்சாதனத்துக்கும் ஒரே பேட்டரிதான். பயணத் தூரம் குறைந்துவிடாமலிருக்க, குளிரைக் கூட்டியும் குறைத்தும் ஓட்ட வேண்டியுள்ளது. பொத்தானை விரலே அறியும். திரையைக் கண்தான் தேட வேண்டும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால், கார் 33 மீட்டர் கடந்துவிடும்.

ஸ்வீடன் இதழொன்று 2022-இல் நடத்திய சோதனையில், 2005-ஆம் ஆண்டுத் தயாரிப்பான பொத்தான் காரில் நான்கு பணிகளை முடிக்க 10 விநாடிகள் போதுமாயிருந்தன. தொடுதிரை கொண்ட மின்சார கார் ஒன்றில் 44.9 விநாடிகள் பிடித்தன.

நாடாளுமன்றம் 2019-இல் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், செல்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவதை அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்து, ரூ. 5,000 வரை அபராதத்துக்கு வழி செய்தது. காரிலேயே பதித்த திரை 'கையில் பிடிக்கும் சாதனம்' அல்லவே!

திருப்பு விளக்கு, வைப்பர், ஹாரன் உள்ளிட்ட ஐந்துக்கும் தனிக் கட்டுப்பாடு இருந்தால்தான் 2026 முதல் முழு நட்சத்திர மதிப்பீடு என்று ஐரோப்பாவின் யூரோ என்சிஏபி 2024-இல் அறிவித்தது. அந்தப் பட்டியலில் குளிர்சாதனம் இல்லை.

இந்தியாவின் 'பாரத் என்சிஏபி' மதிப்பீடு 2023-இல் தொடங்கியது. பொத்தானுக்கும் அதில் மதிப்பெண் தர வேண்டுமெனில், ஐரோப்பியப் பட்டியலை அப்படியே பின்பற்றினால் போதாது. இந்திய வெயிலில் ஓட்டுநரின் விரல் அதிகம் தேடுவது, அதில் விடுபட்ட பொத்தானைத்தான்.