மூச்சுக்குழலுக்கும் வயது உண்டு

சுங்கை சிப்புட், கோப்பெங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் அவசரம் என்றால் ஓடிப்போய்க் கூப்பிட ஒரு டிரஸர், அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளர், இருந்தார். தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பிறகு அந்த ஏற்பாடு போய்விட்டது. இன்று பல வீடுகளில் பகலில் இருப்பது தாத்தா பாட்டியும் பேரக்குழந்தையும்தான். மூச்சடைப்பு அதிகம் பலி கொள்வதும் இந்த இரு வயதினரைத்தான்.

மூச்சு முற்றாக நின்றால் நான்கைந்து நிமிடங்களில் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையிலிருந்து ஆம்புலன்ஸ் எவ்வளவு விரைந்தாலும், அதற்குள் தோட்டத்துச் சடக்கை எட்ட முடியாது.

கைக்குழந்தையின் மூச்சுவழி ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் அகலம். உட்சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் காற்று போகும் பரப்பில் முக்கால் பங்கு போய்விடும். பெரியவருக்கு அதே வீக்கம் தொண்டைக் கரகரப்போடு நின்றுவிடும். எடைக்கு எடை பார்த்தால் குழந்தை பெரியவரைப்போல் இரு மடங்கு ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. அதனால் சீக்கிரம் நீலம் பாரிக்கிறது. அதன் பின்மண்டை பெரிது. மயங்கிய குழந்தையை மல்லாக்கக் கிடத்தினால் கழுத்து முன்னால் மடிந்து வழி அடைபடும்; தலையணை வைத்தால் இன்னும் மோசம். தலையைப் பின்னுக்கு அதிகம் சாய்ப்பதும் தவறு. முகம் நேரே கூரையைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான்.

ரம்புத்தான் பருவத்தில் கூடுதல் கவனம் தேவை. விதையோடு வழுக்கும் அந்தச் சுளை சின்னத் தொண்டையைக் கச்சிதமாக மூடிவிடும். இருமவோ அழவோ முடியாத குழந்தை ஒரு வயதுக்கு உட்பட்டதென்றால், தலை தாழக் கவிழ்த்து முதுகில் 5 தட்டு, திருப்பி நெஞ்செலும்பில் 5 அழுத்து; மாறி மாறிச் செய்யவேண்டும். வயிற்றை அழுத்தவே கூடாது, ஈரல் கிழியும். வயிற்றழுத்தம் ஒரு வயதைக் கடந்தவர்களுக்கே. கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவுவது எந்த வயதிலும் ஆபத்து.

முதியவரின் சிக்கல் வேறு. இருமல் உணர்வு மங்கியிருக்கும். பக்கவாதம் வந்தவர் குடிக்கும் மைலோ சத்தமில்லாமல் நுரையீரலுக்குள் இறங்கலாம். கழுத்து இறுகியிருப்பதால் மூச்சுக்குழலுக்குள் குழாய் செருகுவது மருத்துவருக்கே கடினம். பல்செட் விஷயத்தைப் பலர் அறிவதில்லை: பல் இல்லாத கன்னம் குழிந்து, ஆக்சிஜன் முகமூடியின் ஓரத்தில் காற்று கசியும். இறுக்கமாகப் பொருந்திய பல்செட்டைப் பதற்றத்தில் கழற்றாதீர்கள்; ஆடினால் மட்டும் எடுங்கள். குழாய் செருகும் நேரத்தில் மருத்துவரே கழற்றுவார்.

999-ஐ அழைக்கும்போது நோயாளியின் வயதையும், தோட்டத்துக்குள் நுழையும் வழியையும் முதலிலேயே சொல்லுங்கள். செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. வீட்டுக்கு ஒருவராவது போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.