ஆலையும் அளவையும்: கெடாவின் தொழிற்சாலைகளில் தன்னியக்கம்

தன்னியக்கம் என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுவது இரும்புக் கை ஒன்று. அது பெட்டியைத் தூக்குகிறது, பற்றவைக்கிறது, சாயம் பூசுகிறது. ஆலை நடத்துவோர் பலருடைய எண்ணமும் இதிலிருந்து அதிகம் வேறுபடுவதில்லை. கண்காட்சிக்குச் சென்று எந்திரம் ஒன்றை வாங்கி வந்து நிறுத்திவிட்டால் ஆலை புதுமை பெற்றுவிடும் என்று கருதுகின்றனர். இவ்வுரையில் நாம் சொல்ல முற்படுவது வேறு. ஒரு வேலையை எந்திரத்திடம் ஒப்படைக்கும் முன் அவ்வேலை அளக்கப்பட வேண்டும். அளக்கும் முன், அதனைச் செய்பவரின் கைக்கும் கண்ணுக்கும் தெரிந்தது என்ன என்பது சொல்லில் வடிக்கப்பட வேண்டும். இவ்வரிசை தலைகீழான இடங்களில் விலை கொடுத்து வாங்கிய எந்திரம் துணி போர்த்தப்பட்டு மூலையில் நிற்கிறது.

இதற்குச் சான்று கெடாவிலேயே உண்டு. கடாரம் என்று சோழர் கல்வெட்டுகள் குறிக்கும் இந்நிலத்தில் உற்பத்தித் தொழில் புதிதன்று. பூஜாங் பள்ளத்தாக்கைச் சேர்ந்த சுங்கை பத்துவில் 2009 முதல் நடைபெற்ற அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களும், உலைக்குக் காற்றூதும் களிமண் குழாய்களும் பெருந்திரளாகக் கிடைத்தன. ஆயினும் நாம் எடுத்துக்கொள்வது அத்தனை பழைய வரலாறன்று. நம் பாட்டன் பாட்டியர் கைபட்ட ரப்பரின் கதை.

பீடோங், பாடாங் செராய், லூனாஸ், கூலிம் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் அக்கால வேலைமுறையை அறிவர். விடியுமுன் பிரட்டு; அதன்பின் அவரவர் நிரை. உளி பட்டையைச் சீவ, பால் மங்கில் இறங்கும். திரட்டிய பாலை வாளியில் கொட்டகைக்குக் கொண்டுவந்தால், கிராணி அதனை நிறுத்து, மெட்ரோலாக் என்னும் மிதவைமானியை அதில் இறக்கிப் பார்ப்பார். பாலில் உலர்ந்த ரப்பர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதி நீர். மிதவைமானி எந்தக் கோட்டில் நின்றதோ அதைக்கொண்டு ரப்பரின் அளவு மதிப்பிடப்பட்டது. தொழிலாளி கண்ட அறிவியல் கருவி அதுவே. தம் கூலியின் ஏற்ற இறக்கமாகவே அவர் அதனை அறிந்திருந்தார்.

பின்னர்ப் பாலை வடிகட்டி, நீர் கலந்து, ஃபார்மிக் அமிலம் இட்டு உறையவைப்பர். உறைந்ததை உருளைகளில் கொடுத்து ஷீட்டாக்கிப் புகைக்கூண்டில் நாலைந்து நாள் தொங்கவிடுவர். வெளிவந்த ஷீட்டை வெளிச்சத்தின்முன் தூக்கிப் பிடித்து, குமிழி, மணல், பூஞ்சணம், நிறம் ஆகியவற்றைக் கண்ணால் கண்டு தரம் பிரிப்பர். உலகச் சந்தையில் விலை நின்றது இந்தக் கண்மதிப்பின்மீதுதான்.

இரண்டாம் உலகப் போர் இந்நிலையைக் குலைத்தது. ஜப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் மேலைநாடுகளுக்கு ரப்பர் வரத்து அற்றுப்போக, அமெரிக்கா செயற்கை ரப்பரைப் பேரளவில் செய்யத் தொடங்கியது. போர் முடிந்த பின்னும் அது ஓயவில்லை. டயர் ஆலைக்குச் செயற்கை ரப்பர் கைக்கடக்கமான கட்டிகளாக, உறையிடப்பட்டு, வேதியியல் அளவுகள் குறிக்கப்பட்டு வந்து சேர்ந்தது. நம் ரப்பரோ நூறு கிலோவுக்கும் மேற்பட்ட பொதிகளாகச் சென்றது. அதன் உள்ளே இருப்பதைப் பற்றிப் பொதி எதுவும் சொல்லவில்லை.

1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இச்சிக்கலை ஆராய்ந்தது. 1965இல் 'எஸ்.எம்.ஆர்.' எனப்படும் மலேசியச் செந்தர ரப்பர்த் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அழுக்கு, சாம்பல், நைட்ரஜன், ஆவியாகும் பொருள் ஆகியவை ஆய்வுக்கூடத்தில் அளக்கப்பட்டன. எஸ்.எம்.ஆர். 5, 10, 20 என்னும் பெயர்களில் உள்ள எண்கள் அழுக்கின் உச்ச அளவைச் சுட்டி இடப்பட்டவை. 5 என்றால் நூற்றுக்கு 0.05 பங்கு.

மாணவர்கள் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். ஷீட்டின் தோற்றம் விலையைத் தீர்மானித்த வரையில் ரப்பர் ஷீட்டாகவே இருந்தாக வேண்டும். பொடித்தால் தோற்றம் போய்விடும், விலையும் போய்விடும். தரத்தை எண்ணால் சொல்லலாம் என்றானவுடன் அக்கட்டாயம் நீங்கியது. உறைந்த ரப்பரைத் துருவலாக்கலாம். சிறிதளவு ஆமணக்கெண்ணெய் சேர்த்தால் அது உருளைகளுக்கிடையே எளிதில் உதிரும் என்பதும் கண்டறியப்பட்டது. துருவலின் ஊடே ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் வெப்பக் காற்றைச் செலுத்தினால், புகைக்கூண்டில் நாட்கணக்கில் நடந்த உலர்த்தல் சில மணி நேரத்தில் முடிகிறது. உலர்ந்ததை அழுத்தி 33⅓ கிலோ கட்டியாக்கினர். முப்பது கட்டிகள் ஒரு டன். தட்டு நகர்வது, காற்று வீசுவது, எடை போடுவது, அழுத்துவது அனைத்தும் எந்திரத்துக்கு உரிய வேலைகளாயின. மரத்தடியில் காய்ந்து கிடந்த கட்டிப்பாலும் வெட்டுக்கோட்டில் ஒட்டிய கோட்டுப்பாலும்கூட இம்முறையில் தரப்பெயர் பெற்று ஏற்றுமதியாயின.

இம்மாற்றம் நாட்டுக்கு நன்மை செய்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கின் மறுபக்கமும் உண்டு. பால் லாரியேறி மைய ஆலைக்குச் செல்லத் தொடங்கியதும், தோட்டத்துப் புகைக்கூண்டுகள் ஒவ்வொன்றாக அணைந்தன. ஷீட்டைத் தரம் பிரித்த பெண்களின் கண்ணறிவுக்குப் புதிய ஆலையில் வேலை இருக்கவில்லை. அவர்களை ஆய்வுக்கூடத்துக்குப் பழக்குவதும் அக்காலத்து முதலாளியரின் திட்டத்தில் முதன்மை பெறவில்லை.

அடுத்த படியைக் கையுறை ஆலையில் காணலாம். மருத்துவக் கையுறை உற்பத்தியில் மலேசியா உலகின் முன்னணி நாடு. ரப்பர்ப் பாலைச் சுழற்சி எந்திரத்தில் இட்டு நீரைப் பிரித்து, 60 விழுக்காடு ரப்பராகச் செறிவூட்டி, அம்மோனியா சேர்த்துக் கெடாமல் வைக்கின்றனர். இன்று பல ஆலைகளில் செயற்கையான நைட்ரைல் பால் அவ்விடத்தைப் பிடித்துவிட்டது. முறை மட்டும் அதுவே. கை வடிவப் பீங்கான் அச்சுகள் முடிவில்லாச் சங்கிலியில் தொங்கியபடி நகர்கின்றன. முதலில் கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலில் முங்குகின்றன, பிறகு பாலில். அச்சின்மேல் படிந்த உப்பு பாலைப் படலமாக உறையவைக்கிறது. மணிக்கட்டு விளிம்பு சுருட்டப்படுகிறது, வெந்நீரில் புரதமும் உப்பும் கழுவப்படுகின்றன, அடுப்பில் கந்தகத்தின் துணையால் ரப்பர் பதமாகிறது. இறுதியில் கையுறை உரிக்கப்படுகிறது.

இத்தொடரில் கடைசிவரை மனிதரிடம் நின்றவை உரித்தலும் பொதிதலுமே. மெல்லிய, வழவழத்த, எப்படியும் மடங்கக்கூடிய ஒன்றைப் பற்றுவது எந்திரத்துக்கு எளிதன்று. அச்சு எந்த நொடியில் எங்கே வருகிறது, விளிம்பு எவ்வளவு தடித்திருக்கிறது என்பன துல்லியமாக அளக்கப்பட்ட பிறகே காற்றுப்பீச்சும் இடுக்கியும் அவ்வேலையை ஏற்றன. தரச் சோதனையோ எவருக்கும் விளங்கும் எளிமையுடையது: கையுறையில் 1,000 மில்லிலிட்டர் நீரை நிரப்பித் தொங்கவிட்டு, இரண்டு நிமிடத்தில் கசிகிறதா என்று பார்ப்பது. ஆனால் ஒவ்வொரு கையுறையையும் நீரூற்றிப் பார்க்க இயலாது. எத்தனை கையுறைக்கு எத்தனையை எடுத்துச் சோதிப்பது, எத்தனை கசிந்தால் முழுத்தொகுதியையும் ஒதுக்குவது என்பதைப் புள்ளியியல் சொல்கிறது. கணித ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டு செல்லலாம்.

கூலிமுக்கு வருவோம். 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா இவ்வகையில் நாட்டின் முதலாவது. சில்டெரா, இன்டெல், இன்ஃபினியான் முதலிய பெயர்களை அங்கே காண்கிறோம். 2006 முதல் அங்கே இயங்கும் இன்ஃபினியான் நிறுவனம், 2024 ஆகஸ்டு மாதம் சிலிக்கன் கார்பைடு ஆற்றல் சில்லுகளுக்கான புதிய ஆலையின் முதற்கட்டத்தைத் திறந்தது. இத்தகைய ஆலையில் தன்னியக்கம் சிக்கனத்துக்காக மட்டும் வரவில்லை. மனித உடலிலிருந்து உதிரும் தோல்துகள் ஒன்றே சில்லைக் கெடுக்கப் போதுமானது. ஆகவே 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள செதில்களைக் கைபடாமல் எந்திரமே ஏந்திச் செல்கிறது. மனிதர் திரையின்முன் அமர்ந்து, அடுப்பின் வெப்பமும் படலத்தின் தடிமனும் எல்லை மீறுகின்றனவா என்று கண்காணிக்கின்றனர்.

இவை பெருநிறுவனங்கள். சுங்கை பட்டாணியில் முப்பது பேருடன் நெகிழி உதிரிப்பாகம் வார்க்கும் சிற்றாலை என்ன செய்வது? கற்பனையாக ஒரு கணக்கைப் பார்ப்போம். எட்டு மணி நேரப் பணிமுறை என்பது 480 நிமிடம். எந்திரம் உண்மையில் ஓடியது 384 நிமிடம். அதாவது 80 விழுக்காடு. ஓடிய நேரத்தில் உரிய வேகத்தில் 90 விழுக்காடே வந்தது. வார்த்தவற்றில் 95 விழுக்காடு பழுதற்றவை. மூன்றையும் பெருக்கினால் 68.4 விழுக்காடு. எந்திரத்துக்குக் கொடுத்த பணத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது. உரிமையாளருக்கு இது தெரியாது, ஏனெனில் எந்திரம் எப்போதும் இரைந்துகொண்டே இருக்கிறது.

நின்ற 96 நிமிடத்தில் 60 நிமிடம் அச்சு மாற்றப் போயிற்று என்று கொள்வோம். வார்த்த பொருளை எடுத்து வைக்க இரும்புக் கை வாங்கினால் அந்த அறுபதில் ஒரு நிமிடமும் குறையாது. அடுத்த அச்சையும் கருவிகளையும் எந்திரம் ஓடும்போதே ஆயத்தம் செய்து வைத்தால் குறையும். ஜப்பானின் டொயோட்டா ஆலையில் ஷிகெயோ ஷிங்கோ என்னும் பொறியாளர், 1,000 டன் அழுத்த எந்திரத்தில் நான்கு மணி நேரம் பிடித்த அச்சு மாற்றத்தை முதலில் ஒன்றரை மணியாகவும் பிறகு மூன்று நிமிடமாகவும் குறைத்தது இவ்வழியில்தான். அதில் பெரும்பகுதிக்கு வேண்டியிருந்தது கடிகாரமும் குறிப்பேடும்.

அதன் பின்னரே உணரிகளின் முறை வருகிறது. பழைய எந்திரத்தைத் தூக்கியெறிய வேண்டுவதில்லை. வெப்பம், அதிர்வு, மின்னோட்டம் ஆகியவற்றை அளக்கும் உணரிகளை அதில் பொருத்தி, சிறு கட்டுப்பாட்டுக் கணினியுடன் இணைத்தால், தாங்கி தேயத் தொடங்குவது அது உடையும் முன்னரே தெரியவரும். பழுது காணப் படக்கருவி வைக்கலாம். ஆனால் எது பழுது, எது பழுதன்று என்று அப்படக்கருவிக்குக் கற்பிக்க நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பிரித்துத் தருபவர் யார்? பத்தாண்டாக அம்மேசையில் அமர்ந்திருக்கும் அம்மையாரே. அவரை வேலையிலிருந்து நிறுத்திய பின் படக்கருவி வாங்குவது அறிவுடைமையாகாது. 2018 அக்டோபரில் அரசு அறிவித்த 'இண்டஸ்திரி ஃபார்வர்ட்' கொள்கையின்கீழ்ச் சிறு, நடுத்தர ஆலைகளின் ஆயத்தநிலையை முதலில் மதிப்பிடும் திட்டம் இடம்பெற்றது. அவ்வரிசை சரியானது என்றே கருதுகிறோம்.

எந்திரம் இன்னும் எளிதில் ஏற்காத வேலை ஒன்று நம் கண்முன்னே இருக்கிறது: பால் வெட்டு. வெட்டு, மரத்தின் பாதிச் சுற்றுக்கு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில் இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே பட்டை சீவப்பட வேண்டும். ஆழம் போதாவிட்டால் பால் வராது. ஒரு மில்லிமீட்டர் மிகுந்து வளர்படையைத் தொட்டால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். மரத்துக்கு மரம் பட்டையின் தடிமன் வேறு. இருட்டில், தலைவிளக்கின் ஒளியில், ஐந்நூறு மரம் வரை ஒருவர் இவ்வாறு வெட்டினார். மின்கலத்தில் இயங்கும் உளிகள் வந்துள்ளன. சீனத்தில் தாமே நகர்ந்து வெட்டும் எந்திரங்கள் சோதிக்கப்படுகின்றன. பாலிங், சிக் வட்டாரச் சிறுதோட்டங்களில் இன்றும் வெட்டுவது மனிதக் கைதான். பொறியியல் பல்லாண்டு முயன்றும் எளிதில் எட்டாத இவ்வேலையைத் திறனற்ற வேலை என்று வகைப்படுத்திக் கூலி கொடுத்தனர். எதற்குத் திறன் என்று பெயர், எதற்கு இல்லை என்பதை முடிவு செய்தவர்கள் உளியைப் பிடித்ததில்லை.

மொழிப் பணியில் உள்ள நமக்கு இதில் தனி அக்கறை உண்டு. மங்கு, நிரை, கட்டிப்பால், கோட்டுப்பால் என்று தோட்டத்து வேலையின் ஒவ்வொரு படிக்கும் தமிழில் பெயர் இருந்தது; பெயர் இருந்தமையால் தாய் மகளுக்குக் கற்பிக்க முடிந்தது. தோட்டங்கள் எண்ணெய்ப்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின் நகரத்து ஆலைகளுக்குச் சென்ற தலைமுறையிடம் அத்தகைய சொற்கள் இல்லை. உணரி, கட்டுப்பாட்டுச் சுற்று, தாங்குவரம்பு ஆகியவற்றைத் தமிழில் விளக்கக் கேட்ட மாணவர், மலாயிலும் ஆங்கிலத்திலும் உள்ள கையேட்டைத் திறக்கும்போது பொருளை முன்பே அறிந்தவராக இருப்பார். ஆரம்பப் பள்ளி அறிவியல் ஆசிரியர் இதனைத் தொடங்கலாம்.

பயிற்சிக்கு வாய்ப்பில்லை என்று சொல்வதற்கும் இல்லை. பத்துப் பேருக்குக் குறையாத மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் ஆலை, அவர்தம் ஊதியத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குச் செலுத்தியாக வேண்டும். அத்தொகை அத்தொழிலாளர்களின் பயிற்சிக்கென்றே திரும்பப் பெறத்தக்கது. கூலிமில் அட்டெக் தொழிற்பயிற்சிக் கழகமும் துவாங்கு சுல்தானா பாஹியா பலதொழில்நுட்பக் கல்லூரியும் உள்ளன. சுங்கை பட்டாணியில் கிஸ்மெக் திறன் மையம் உள்ளது. ஆலையில் பணிபுரியும் பெற்றோர், தம் பெயரில் செலுத்தப்படும் அவ்வொரு விழுக்காடு எந்தப் பயிற்சிக்குச் செலவாகிறது என்று மேலாளரிடம் கேட்கலாம். புதிய எந்திரம் வந்து இறங்கும் முன்பே கேட்பது நன்று.