மணி யாருடையது?

இந்த எபிசோட் ஒரு ஆட்டு மணியில் இருந்து ஆரம்பிக்குது.

போன மாசம் ஆலந்தலைக்குப் போயிருந்தேன். ஆச்சி வீட்டுப் பரணில் ஒரு சின்ன வெண்கல மணி கிடந்தது. எடை 140 கிராம். ஒரு காலத்துல அவங்ககிட்ட ஆடு இருந்தது. உடைமரத்துக்குள்ள புகுந்துட்டா கண்டுபிடிக்க கழுத்துல கட்டுற மணி. இந்த மாதிரி ஏழெட்டு இருந்துச்சாம். மத்ததெல்லாம் பழைய பாத்திரம் வாங்குறவருக்குக் கிலோ கணக்கில் போயாச்சு.

"இது எங்க வாங்குனது ஆச்சி?"னு கேட்டேன். "வாங்கலய்யா, உங்க தாத்தா கொழும்புல இருந்து தோணியில கொண்டாந்தது"ன்னாங்க. பக்கத்துல உட்கார்ந்திருந்த மாமா, "ஏம்மா, அது சந்தையில வாங்குனதுல்லா!" என்றார். ஒரே வீடு, ஒரே மணி, ரெண்டு கதை. சரி, மியூசியத்துல இருக்குறவங்க இதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறாங்கன்னு தேட ஆரம்பிச்சேன். தேடல் நியூசிலாந்துல போய் நின்னுச்சு.

வெலிங்டன்ல இருக்குற டெ பாப்பா அருங்காட்சியகத்துல ஒரு வெண்கல மணி இருக்கு. பேரே 'தமிழ் மணி'தான். மாட்டு மணி இல்லை, கப்பல் மணி. கீழ் விளிம்பு உடைஞ்சு போய், மேல் பாகம் மட்டும்தான் மிச்சம். 1836 வாக்கில் வில்லியம் கொலென்சோ என்ற கிறிஸ்தவ ஊழியர், ஃபாங்கரே பக்கத்துல மாவோரி மக்கள் அதைக் கவிழ்த்து வச்சு உருளைக்கிழங்கு வேகவைக்கிறதைப் பார்த்தார். ஒரு இரும்புச் சட்டியைக் கொடுத்துட்டு அதை வாங்கிக்கிட்டார். புயல்ல சாய்ஞ்ச ஒரு பெரிய மரத்தோட வேருக்கு அடியில கிடைச்சதுன்னு அவங்க சொல்லியிருக்காங்க.

அதுல தமிழ் எழுத்து இருக்கு. பொருள்: 'முகைதீன் பக்ஸ் உடைய கப்பல் உடைய மணி'. 'உடைய' ரெண்டு தடவை வருது, கவனிங்க. மணி கப்பலுக்குச் சொந்தம், கப்பல் முகைதீன் பக்ஸுக்குச் சொந்தம். அப்போ அது முதலாளி பேரா, இல்ல கப்பலுக்கே வச்ச பேரா? இலக்கணம் முதலாளி பக்கம் சாயுது. ஆனா கப்பலுக்குப் பெரியவங்க பேரை வைக்கிறதும் நம்ம கடற்கரையில வழக்கம்தானே. காயல்பட்டினம், கீழக்கரை பக்கம் முகைதீன்ங்கிற பேரைத் தெருவுக்குத் தெரு கேட்கலாம். மரக்காயர்கள் கப்பல் ஓட்டி வணிகம் செஞ்ச ஊர்கள் அவை. அதனால நம்ம கரையோரக் கப்பலா இருந்திருக்கலாம்ங்கிறது நியாயமான ஊகம். ஊகம் மட்டும்தான்.

வாட்ஸ்அப்புல 'நியூசிலாந்தை முதலில் கண்டுபிடித்தது தமிழன்'னு வருதுல்ல? அதுக்கு ஆதாரமா காட்டுறது இந்த மணியைத்தான். எனக்கும் முதல்ல புல்லரிச்சது. ஆனா மணி போன இடத்துக்கெல்லாம் மணிக்காரனும் போகணும்னு இல்லை. கைவிடப்பட்ட கப்பல் மிதந்து போயிருக்கலாம். ஐரோப்பியக் கப்பல் ஒண்ணு எங்கேயோ வாங்கி, அங்க கொண்டு போய் விட்டிருக்கலாம். சில எழுத்து வடிவங்கள் பழசுங்கிறதால சிலர் 500 வருஷம்ங்கிறாங்க. அப்படியே இருந்தாலும் அது மணி செஞ்ச காலம். அங்க போய்ச் சேர்ந்த காலம் வேற. ரெண்டையும் குழப்புறதுதான் பெரிய பக்.

பேர் பொறிச்ச மணிக்கே இந்தப் பாடுன்னா, ஆட்டு மணி, மாட்டு மணிக்கெல்லாம் எழுத்தே கிடையாது. ஆய்வாளர்கள் வேற தடயங்களைப் பார்க்குறாங்க. அச்சு ரெண்டு பாதியா இருந்தா பக்கவாட்டுல ஒரு கோடு தெரியும். மெழுகு அச்சுல வார்த்தா அந்தக் கோடு இருக்காது. நாக்கு அடிச்ச இடத்துல உள்பக்கம் பள்ளம் விழுந்திருக்கும். கயிறு கட்டுன வளையம் தேய்ஞ்சிருக்கும். எக்ஸ்ரே கருவியால சுரண்டாமலே செம்பு, வெள்ளீயம், காரீயம் எவ்வளவுன்னு பார்க்கலாம். ஆனா அது மேல்தோலைத்தான் படிக்கும். துருப் படலம் இருந்தா கணக்கு மாறும். காரீயத்தோட ஐசோடோப்பை வச்சு எந்தச் சுரங்கம்னு தேடவும் வழி உண்டு. நம்ம ஊர்ல உடைஞ்ச குத்துவிளக்கையும் ஓட்டைச் செம்பையும் உருக்கித்தானே மணி வார்க்குறாங்க? பத்து சுரங்கத்துச் சரக்கு ஒரே மணிக்குள்ள கலந்திருக்கும். அங்க அந்த வழி கைவிட்டுடும்.

கடைசியில அதிகம் உதவுறது, கிடைச்ச அன்னைக்கு யாராவது எழுதி வச்ச நாலு வரிதான். நீலகிரியில தோடர்களோட புனிதப் பால்மனைகள்ல எருமை மணிகள் வச்சிருப்பாங்க. 1901-02ல அங்க வேலை செஞ்ச டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், மணிகளுக்குத் தனித்தனிப் பேர் இருக்குறதைக் கேட்டு எழுதி, 1906ல புத்தகமா போட்டார். அவங்களும் அதை 'மணி'ன்னுதான் சொல்றாங்க. கேட்டு எழுதலைன்னா அதெல்லாம் வெறும் வெண்கலம்.

உங்க வீட்டுல பழைய மணி இருந்தா, தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க. சாம்பலும் வேண்டாம். பளபளப்பு வரும், தடயம் போயிடும். உள்ளே வெளியே போட்டோ எடுங்க, எடை போடுங்க, யார் என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க.

நானும் ஒரு அட்டையில எழுதி மணியோட கட்டிட்டேன். 'ஆச்சி: கொழும்பு, தோணி. மாமா: சந்தை.' மாமா படிச்சுப் பார்த்துட்டு, தன் பேரை ஏன் ரெண்டாவதா போட்டேன்னு கேட்குறார்.