கையெழுத்துப் போட்டார்... எழுதிக் கொடுத்தாரா?

எந்தப் பத்திரத்தைப் பிரித்தாலும் முதல் பக்கத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் எழுதிக் கொடுப்பவர், மற்றவர் எழுதி வாங்குபவர். எழுதிக் கொடுப்பவர் தன் கையால் ஒரு வரியும் எழுதுவதில்லை என்பது பத்திர ஆபீஸ் வாசலில் அரை நாள் நின்றவர்களுக்குத் தெரியும். ஆவண எழுத்தர் தட்டச்சு செய்கிறார். சொத்து விவரத்தைத் தருவது எழுதி வாங்குபவர். வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வதும், எழுத்துக் கூலி கொடுப்பதும் பெரும்பாலும் அவர்தான். எழுதிக் கொடுப்பவர் கடைசியில் வந்து, விரல் வைத்துக் காட்டும் இடத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடுகிறார்.

அந்தக் கையெழுத்து விழுந்ததும் சட்டம் 'இவர் எழுதிக் கொடுத்தார்' என்கிறது. அதற்கு என்ன பொருள்? கையெழுத்துப் போட்டார் என்பதா, அதில் உள்ளதைப் புரிந்துகொண்டு சம்மதித்தார் என்பதா? இந்த வித்தியாசத்தில் தமிழ்நாட்டுப் பெண்கள் எத்தனையோ பேரின் பிறந்த வீட்டுப் பங்கு கரைந்துபோயிருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்விக்கு 2022 மே மாதம் நேராகப் பதில் சொன்னது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த வழக்கு. ஒரு பெண் எழுதிக் கொடுத்ததாகக் கிரயப் பத்திரம் ஒன்று பதிவுக்குப் போகிறது. கையெழுத்தும் ரேகையும் என்னுடையவைதான், ஆனால் இந்தக் கிரயத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை என்று அவர் சொல்கிறார். சார்பதிவாளர் பதிய மறுக்கிறார். மாவட்டப் பதிவாளரோ, கையெழுத்தை ஒப்புக்கொண்ட பிறகு வேறென்ன வேண்டும் என்ற போக்கில் பதியச் சொல்கிறார். உயர் நீதிமன்றமும் அதையே ஏற்கிறது. உச்ச நீதிமன்றம் அத்தனையையும் ரத்து செய்தது. கையெழுத்தை ஒப்புக்கொள்வது வேறு, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்வது வேறு. ஆவணத்தில் இருப்பதை அறிந்து, புரிந்து, அதற்கு உடன்பட்டுக் கையெழுத்திட்டால்தான் ஒருவர் அதை எழுதிக் கொடுத்தவர் ஆவார் என்பது தீர்ப்பின் சாரம்.

தீர்ப்பு வந்துவிட்டது. பத்திர ஆபீஸ் மேசையில் எதுவும் மாறவில்லை என்பதுதான் என் கவலை.

குடும்பச் சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தை எடுத்துக்கொள்வோம். மகளுக்கும் பங்கு உண்டு என்ற சட்டத்தின் கதை வாசகர்களுக்குத் தெரிந்ததுதான்: 1989-இல் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005-இல் மத்தியத் திருத்தம், 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அதன் விளைவாக இன்று வீட்டுக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாலும், நிலம் வாங்க ஆள் வந்தாலும், வழக்கறிஞர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "பெண் வாரிசுகள் கையெழுத்து இருக்கா?" இல்லையென்றால் காரியம் அங்கேயே நின்றுவிடும். உடனே அக்காவுக்கோ தங்கைக்கோ போன் போகிறது.

"அக்கா, வர்ற வெள்ளிக்கிழமை நல்ல நாள். பத்திர ஆபீஸ் வரைக்கும் வந்துட்டுப் போயிடு. பேங்க்ல லோனுக்குக் கேக்கறாங்க. ஒரு கையெழுத்துதான்."

பங்கை விடச் சொல்லிக் கேட்பதில்லை. 'ஒரு கையெழுத்து' கேட்கிறார்கள். முகூர்த்த நாளாக இருந்தால் ஆபீஸில் கூட்டம் நெரியும். டோக்கன் எண்ணைக் கூப்பிடும் நேரத்தில்தான் பத்திரம் அக்கா கைக்கு வரும். படித்துப் பார்க்கிறேன் என்று சொல்ல வாய் வராது. சொன்னால், 'எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்ற கேள்வி வரும். தம்பி மனைவி முகம் திருப்புவார். அடுத்த பொங்கல் சீர், பிள்ளைக்குத் தாய்மாமன் செய்ய வேண்டிய முறை, புருஷன் வீட்டில் பிறந்த வீட்டைப் பற்றிப் பேச்சு வராமல் இருப்பது எல்லாம் அந்த நிமிடத்தில் அந்தப் பேனா முனையில் வந்து நிற்கும். அவர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

படித்துப் பார்த்தால் மட்டும் என்ன தெரிந்துவிடும்? பத்திரத் தமிழ் நாம் பேசும் தமிழ் அல்ல. 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியதையுடன் ஆண்டு அனுபவித்துக் கொள்ள வேண்டியது' என்கிறது. 'இனி மேற்படி சொத்தில் எனக்கோ என் பின்னிட்ட வாரிசுகளுக்கோ யாதொரு பாத்தியமும் பின்தொடர்ச்சியும் கிடையாது' என்கிறது. சர்வே எண்ணும் உட்பிரிவும் ஏர்ஸ் கணக்குமாகக் கடைசியில் சொத்து விவரம் வருகிறது. லோன் வாங்கும் வீட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்து வந்தவருக்கு, அந்த எண்களுக்குள் அப்பாவின் நஞ்சையும் தோப்பும் இருப்பது எப்படித் தெரியும்? நடுவில் ஒரு தொகை எழுதியிருக்கும். அதை 'இதற்கு முன்பே ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்' என்றும் இருக்கும். வாங்காத பணத்துக்கும் அந்தக் கையெழுத்தே ரசீதாகிவிடுகிறது. இவ்வளவுக்கும் கீழே, 'யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயபுத்தியுடன் மனப்பூர்வமாகச் சம்மதித்து எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம்.' எல்லாப் பத்திரத்திலும் இதே வரி இருக்கிறது. வற்புறுத்தி வாங்கியதிலும் இருக்கிறது.

பிறகு சார்பதிவாளர் முன்னால் நிற்கிறார்கள். 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அவரை இரண்டு விஷயங்களை விசாரிக்கச் சொல்கிறது. வந்திருப்பவர் அந்த ஆள்தானா? ஆவணத்தை அவர் எழுதிக் கொடுத்தாரா? ஒப்புக்கொண்டால் 35-ஆம் பிரிவின்படி பதிய வேண்டியதுதான். நடைமுறையில் இந்த விசாரணை 'கையெழுத்து உங்களுதுதானம்மா?', 'ஆமாங்க' என்ற அளவில் முடிகிறது. புகைப்படம், விரல்ரேகை, அடுத்த டோக்கன். எழுதிக் கொடுத்தீர்களா என்று சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி மேசைக்கு வரும்போது கையெழுத்துப் போட்டீர்களா என்று சுருங்கிவிடுகிறது. இரண்டும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றமே சொன்ன பிறகும்.

படிக்கத் தெரியாதவர் எழுதிக் கொடுக்கும் ஆவணத்தை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும், தேவையானால் விளக்க வேண்டும் என்று பதிவு விதிகள் சொல்கின்றன. நீதிமன்றங்களும் பிரிவி கவுன்சில் காலத்திலிருந்தே கைநாட்டு வைக்கும் பெண்ணுக்கும், வெளியுலகம் பார்க்காமல் வளர்க்கப்பட்ட பெண்ணுக்கும் தனிப் பாதுகாப்பு கொடுத்து வந்திருக்கின்றன. அவர் புரிந்துகொண்டுதான் எழுதிக் கொடுத்தார் என்பதை எழுதி வாங்கியவரே நிரூபிக்க வேண்டும். நல்ல சட்டம். ஆனால் எட்டாவதோ பத்தாவதோ படித்து, தன் பெயரை அழகாகக் கையெழுத்துப் போடும் நம் அக்காவுக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் எட்டாது. கையெழுத்துப் போட்டவர் படித்துத்தான் போட்டிருப்பார் என்ற நினைப்பில்தான் விசாரணையே தொடங்கும். பதிவான ஆவணம் முறைப்படி எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற அனுமானம் வேறு இருக்கிறது. அதை உடைக்கும் சுமை, ஏமாற்றப்பட்டேன் என்று சொல்பவர் தலையில்தான் விழும். பள்ளிக்கூடம் போன பெண் போகாத பெண்ணைவிடச் சட்டத்தின் முன் பலவீனமாக நிற்பது என்னால் ஏற்க முடியாத நிலைமை. சர்வே எண் இருவருக்கும் ஒரே அளவுக்குத்தான் புரிகிறது.

போராடி மீட்டவர்களும் உண்டு. பீஜப்பூர் பக்கத்துப் பெண் ஒருவரின் வழக்கு 1968-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இரண்டு நிலங்களைத் தானமாக எழுதித் தர அவர் சம்மதித்திருந்தார். கணவர் அதே பத்திரத்தில் வேறு இரண்டு நிலங்களையும் சேர்த்துவிட்டார். அது என்ன ஆவணம் என்பதிலேயே ஏமாற்றியிருந்தால் அந்த ஆவணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது. என்ன ஆவணம் என்று தெரிந்து, உள்ளடக்கத்தில் மட்டும் ஏமாற்றப்பட்டிருந்தால் அது செல்லத்தக்கதுதான், ஆனால் வழக்குப் போட்டு ரத்து செய்துகொள்ளலாம் என்று நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. மோசடி அவருக்குத் தெரியவந்த நாளிலிருந்தே காலக்கெடு ஓடும் என்பதால், கூடுதலாகச் சேர்த்த அந்த நிலங்கள் அவருக்கே நின்றன.

லோனுக்குச் சாட்சிக் கையெழுத்து என்று சொல்லி விடுதலைப் பத்திரத்தில் வாங்கினால் அது முதல் வகை. வீட்டுக்கு மட்டும் விடுதலை என்று சொல்லித் தோப்பையும் சேர்த்தால் அது இரண்டாம் வகை. பெண்கள் வழக்கறிஞரிடம் போகும்போது, 'என்ன பத்திரம்னு சொல்லிக் கூப்பிட்டாங்க?' என்பதை நினைவிலிருந்து பிசகாமல் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

அண்ணன் தம்பிகளும் தங்கள் பக்கத்தைச் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு நகை போட்டோம், கடைசிக் காலத்தில் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொண்டோம் என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிற குடும்பங்கள் உண்டு. அப்படியானால் அதைச் சொல்லியே கேட்கலாம். உன் பங்கு இவ்வளவு, இந்தக் காரணத்துக்காக விட்டுக்கொடு என்று கேட்டால், மனதார விட்டுக்கொடுக்கும் அக்காக்கள் இந்த ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். அதற்குப் பெயர்தான் எழுதிக் கொடுப்பது.

புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். சார்பதிவாளர் இன்னும் மூன்று கேள்வி கேட்டால் போதும். எந்தெந்தச் சொத்தில் உங்கள் பங்கை விடுகிறீர்கள்? யாருக்கு விடுகிறீர்கள்? என்ன வாங்கினீர்கள்? பதிலை எழுதிக் கொடுப்பவர் தன் வாயால், தன் பேச்சுத் தமிழில் சொல்ல வேண்டும்; அழைத்து வந்தவர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கக் கூடாது. அந்தப் பதிலை ஆவணத்தின் பின்குறிப்பிலேயே எழுதிவிடலாம். பதிவாளர் முன்னிலையில் பணம் கைமாறினால் அதைக் குறித்துவைக்க 58-ஆம் பிரிவில் ஏற்கெனவே இடம் இருக்கிறது. கூட்டம், நேரமில்லை என்பார்கள். நேர்மையான விடுதலைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. நேர்மையில்லாதது அந்த ஐந்து நிமிடத்தைத் தாண்டாது.

அதுவரை பெண்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடியது இது. கையெழுத்துக்குக் கூப்பிட்டால், நாளைக் குறிப்பதற்கு முன் பத்திர நகலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பேச்சு நடத்தியவர்கள் யார், எந்தச் சொத்தைப் பற்றி என்பதும் அதே உரையாடலில் எழுத்தில் நிற்கட்டும். ஏற்கெனவே போட்ட கையெழுத்தில் சந்தேகம் இருப்பவர்கள் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள்; தமிழ்நாட்டில் இணையத்திலேயே பார்க்கலாம். உங்கள் பெயரில் விடுதலை ஆவணம் இருந்தால் அதன் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். ஆவணத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்குக் காலக்கெடு, விஷயம் தெரியவந்ததிலிருந்து 3 ஆண்டு. 'உங்களுக்கு எப்போது தெரிந்தது?' என்றுதான் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் திருப்பித் திருப்பிக் கேட்கும். நகல் வாங்கிய ரசீதும் அதிலுள்ள தேதியும் அப்போது தேவைப்படும்.