காலையில் மடங்காத விரல்கள்

டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அணைத்துப் பிடிக்கிறீர்களே அத்தை, அதைப் பார்த்துத்தான் கேட்டேன். "வயசாச்சு, தேய்மானம்" என்கிறீர்கள். தேய்மானம் என்றால் எழுந்து கொஞ்சம் நடமாடியதும் விறைப்பு இளகிவிடும். ஒரு மணி நேரம் தாண்டியும் விரல் மடங்காமல், இரண்டு கையிலும் அடிக்கணுவும் நடுக்கணுவும் ஒன்றுபோல வீங்கினால், முடக்குவாதமா என்று பார்த்தாக வேண்டும். பெரியவர்கள் சரவாங்கி என்பார்களே, அது.

இது நம் நோய் எதிர்ப்புப் படை ஆள் தெரியாமல் அடிப்பது. புரதம் என்பது மணி கோத்த மாலை. அதில் அர்ஜினைன் என்ற மணியை ஒரு நொதி சிட்ருலினாக மாற்றும். புகை பட்ட நுரையீரலிலும் ஈறு கெட்ட வாயிலும் இது அதிகம் நடக்கிறது. சில மரபணு வாகு உள்ளவர்களின் உடம்பு, மணி மாறிய மாலையை அந்நியப் பொருள் என்று எண்ணி எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. வீக்கம் வருவதற்குச் சில வருஷம் முன்பே பலர் ரத்தத்தில் அது இருக்கும். 'ஆன்டி சிசிபி' பரிசோதனை தேடுவது அதைத்தான்.

பிறகு சண்டை மூட்டின் உள்சவ்வுக்கு வருகிறது. டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற புரதங்கள் 'இன்னும் ஆள் அனுப்பு' என்று கூவ, சவ்வு தடித்து எலும்பை அரிக்கிறது. அரித்தது திரும்ப வளராது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

முதல் மருந்து பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட். வாரத்துக்கு ஒரே நாள்தான். மறந்து தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அது போதாதவர்களுக்கு, கூவலையே அடைக்கும் ஊசிகள் உண்டு. லண்டனில் 1992இல் ஃபெல்ட்மனும் மைனியும் டிஎன்எஃபைத் தடுத்துப் பார்த்ததில் தொடங்கிய வழி அது. டிஎன்எஃப் காசநோய்க் கிருமியையும் அடக்கி வைத்திருப்பதால், ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். அந்தக் கூவலைச் செல்லுக்குள் போய்த் தடுக்கும் டோஃபாசிடினிப் போன்ற மாத்திரைகளும் வந்துவிட்டன. இதயக் கோளாறு, ரத்தக்கட்டு ஆபத்து உண்டா என்று பார்த்தே தருவார்கள்.

2025இல் அமெரிக்கா, கழுத்தில் வேகஸ் நரம்பின்மேல் வைத்து அழற்சியைத் தணிக்கும் சிறு மின்கருவிக்கு அனுமதி கொடுத்தது. நோய் முழுதாக வருமுன்பே அபடாசெப்ட் என்ற மருந்தைக் கொடுத்துத் தள்ளிப்போடும் சோதனைகளும் நடந்திருக்கின்றன. மருந்தை நிறுத்தியபின் பலன் மெல்லத் தேய்ந்தது.

நாளைக்கு எழுந்ததும் கடிகாரத்தைப் பாருங்கள் அத்தை. விரல் மடங்கும் நேரத்தைக் காலண்டரில் குறியுங்கள். டாக்டர் கட்டாயம் கேட்பார்.