சொல் கட்டியவர் யார்?

ரீதிகௌளை ராகத்தை அறிமுகம் செய்ய, 1977-இல் வெளிவந்த 'கவிக்குயில்' படத்தின் 'சின்னக் கண்ணன் அழைக்கிறான்' பாடலைத்தான் வகுப்பில் முதலில் ஒலிக்கவிடுவேன். இசை இளையராஜா என்று பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். அடுத்து அதே ராகத்தில் 'குருவாயூரப்பனே அப்பன்'. இதை எழுதியது யார்? பதில் வராது. கச்சேரிக்குப் போகும் பெரியவர்களைக் கேட்டாலும் பாடகரின் பெயர்தான் வரும்.

எழுதியவர் மதுரையைச் சேர்ந்த அம்புஜம் கிருஷ்ணா (1917–1989). டி.வி.எஸ். குடும்பத்து மருமகள். கல்லூரியில் படித்தது மனையியல். கர்நாடக இசையும் முறையாகக் கற்றவர். 1951-இல் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குச் சென்று வந்தபின் பாடல் எழுதத் தொடங்கினார். தமிழோடு தெலுங்கு, கன்னடம், சமஸ்கிருதம், இந்தி ஆகிய மொழிகளிலும் எழுதினார். அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்கள்! 'கீதமாலா' என்ற தலைப்பில் தொகுதிகளாக வெளிவந்தன. கானடாவில் 'என்ன சொல்லி அழைத்தால்', தர்மவதியில் 'ஓடோடி வந்தேன்' ஆகியவை இன்றும் மேடையில் கேட்பவை.

அவருடைய பாடல்களுக்கு மெட்டமைத்தவர்கள் ராம்நாட் கிருஷ்ணன், வி.வி. சடகோபன், டி.என். சேஷகோபாலன், சாருமதி ராமச்சந்திரன் போன்ற இசைவாணர்கள். சொல்லையும் இசையையும் ஒருவரே அமைத்தால்தான் வாக்கேயக்காரர் என்பது மரபு. அதனால் அவரை அந்த வரிசையில் வைக்கச் சிலர் தயங்குகிறார்கள். இந்தத் தயக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. அருணாசலக் கவிராயரின் இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு இசையமைக்கத் துணைநின்றவர்கள் சட்டநாதபுரத்து மாணவர்களான கோதண்டராமய்யரும் வெங்கட்டராமய்யரும். பின்னாளில் அரியக்குடி இராமானுஜ ஐயங்காரும் அவற்றில் பலவற்றுக்குப் புது மெட்டு அமைத்தார். ஆனாலும் கவிராயர் தமிழிசை மூவரில் ஒருவர். அவருக்கு ஓர் அளவுகோல், அம்புஜம் அம்மாளுக்கு வேறோர் அளவுகோலா?

வசதியும் கல்வியும் அச்சுப் புத்தகமும் வாய்த்த ஒருவரின் பெயரே இப்படி நழுவுகிறதென்றால், நம் கொங்குப் பக்கத்தில் மாரியம்மன் நோன்புக் கும்மியையும் ஒப்பாரியையும் கட்டிய பெண்களின் பெயர் எங்கே நிற்கும்? 'நாட்டுப்புறப் பாடல்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். (கூட்டாக உருவானவை உண்டு, மறுக்கவில்லை. எல்லாமே அப்படியா?)

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடச் சொன்னேன்: பாட்டு, பாடியவர், யாரிடம் கற்றார், தாமே கட்டிச் சேர்த்த அடிகள். முதல் வாரம் நான்காம் கட்டம் எல்லா நோட்டிலும் காலி. இரண்டாம் வாரம், "பாடச் சொல்லிக் கேட்காதீர்கள், இதில் நீங்கள் சேர்த்தது எது என்று கேளுங்கள்" என்று அனுப்பினேன். கேள்வி மாறியதும் பதிலும் மாறியது. ஒரு மாணவியின் அம்மாயி, தன் வீட்டுக்காரர் கவலை இறைத்த கதையை ஒப்பாரிக்குள் வைத்திருந்தார். "அதென்ன பெரிய பாட்டு கண்ணு, நானாக் கட்டுனதுதான்" என்றாராம். அந்தக் கட்டத்தில் அவர் பெயரை எழுதிவிட்டு, ஊரையும் எழுதலாமா டீச்சர் என்று கேட்டாள் அவள்.